பெட்டிக்குள் அடங்காத பலாமரம்!

டிசைன் பண்ணத் தெரியாதவங்களே இப்ப கிடையாது பாஸ்! சிம்போசியம் பிரவுச்சரா, ஃபேர்வெல் அழைப்பா, அக்கா வளைகாப்புக்கு ஸ்டேட்டஸா... ஆப்பைத் திறந்தா வரிசைகட்டி நிக்குது டெம்ப்ளேட். பிடிச்சதைத் தொடு, பேரை மாத்து, டவுன்லோடு பண்ணு. அஞ்சே நிமிஷத்துல நீங்களும் ஆர்ட் டைரக்டர்!

நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ஒரு குட்டிப் புத்தகம் போடலாம்னு கிளம்பினோம். விஷயம் சேகரிக்க மூணு மாசம் ஆச்சு. ஆனா, அதை எந்த டிசைன்ல போடுறதுன்னு முடிவு பண்ண ஒன்றரை மாசம் ஆச்சு! 'அடப் போங்கப்பா, இதுக்கா?'ன்னு நீங்க சிரிக்கிறது கேட்குது. எங்க கிளாஸும் அப்படித்தான் சிரிச்சுது. சிரிச்சு முடிச்சிட்டு மேல படிங்க.

புத்தகம் எதைப் பத்தின்னு முதல்ல சொல்லிடறேன். 2018 நவம்பர் 16. அந்தத் தேதியை எங்க பக்கம் யாரும் மறக்க மாட்டாங்க. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்து, அப்படியே உள்ளே புகுந்து எங்க புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டுச்சு. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம்னு தென்னையும் பலாவும் பூந்தோட்டமுமா இருந்த ஊருங்க, விடிஞ்சு பார்த்தா வானம் மட்டும் பெருசா தெரிஞ்சுது. நான் அப்ப எட்டாவது படிச்சேன். கரன்ட் திரும்ப வர வாரக்கணக்குல ஆச்சு. எங்க தோப்புல நாப்பது தென்னை. ஒண்ணுகூட நிக்கலை.

விழுந்த மரங்களோட கதையை, அந்த மரத்துக்காரங்க வாயாலேயே கேட்டு எழுதணும்ங்கிறதுதான் எங்க திட்டம். மொத்தம் இருபத்தோரு பேர்கிட்ட பேசினோம். மரத்துக்கு எவ்வளவு நஷ்டஈடுங்கிற கணக்கு அரசாங்க ஃபைல்ல இருக்கும். 'இந்த மரத்தை நட்ட வருஷம்தான் எனக்குக் கல்யாணம்'ங்கிறது எந்த ஃபைல்லயும் இருக்காதுல்ல? அதான்.

சரி, இனி டெம்ப்ளேட்!

போட்டோ இல்லாத மரங்கள்

எங்க குரூப்ல ஒருத்தி டிசைன் புலி. கேன்வாவுல கண்ணை மூடிக்கிட்டு விளையாடுவா. அவ சொல்லித்தான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. மெலனி பெர்கின்ஸும் கிளிஃப் ஓப்ரெக்டும் கேன்வாவை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, 2007-ல் ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல 'ஃப்யூஷன் புக்ஸ்'னு ஒண்ணு தொடங்கியிருக்காங்க. ஸ்கூல் ஆண்டு மலரைப் பசங்களே டிசைன் பண்ணிக்கிறதுக்கான டெம்ப்ளேட்தான் அது. 2013-ல்தான் கேன்வா வந்துச்சு. அதாவது, ஏதோ ஒரு ஸ்கூல்ல 'நம்ம மலரை யார்றா டிசைன் பண்றது?'ன்னு முழிச்சவங்களுக்காகப் பொறந்த பொருள். கிட்டத்தட்ட எங்களை மாதிரி!

அவ ஒரு டெம்ப்ளேட் எடுத்துக் காட்டினா. சும்மா சொல்லக் கூடாது, செம அழகு. இடதுபக்கம் முழுசா ஒரு போட்டோ. வலதுபக்கம் மேல கொட்டை எழுத்துல தலைப்பு. கீழ நாலே நாலு வரி. வெளிநாட்டு மேகஸின் தோத்துடும்.

'அய்யோ, இதையே வெச்சுக்கலாம்டீ'ன்னு நாலு பேர் கத்தினோம். அஞ்சாவது ஆளு மெதுவா கேட்டான்: "எல்லாம் சரி... போட்டோவுக்கு எங்க போறது?"

அங்கதான் விஷயமே இருக்கு மக்கா. கல்யாணத்துக்கு போட்டோ எடுப்போம். காதுகுத்துக்கு எடுப்போம். கொல்லையில நிக்கிற பலாமரத்தை யாராச்சும் போட்டோ எடுப்பாங்களா? இருபத்தோரு பேர்ல மரத்தோட போட்டோ வெச்சிருந்தது மூணே பேரு. அதுலயும் ஒண்ணு, மஞ்சள் நீராட்டு போட்டோவுல பின்னாடி தற்செயலா விழுந்த கிளை! அந்த டெம்ப்ளேட்டை எடுத்தா, போட்டோ வெச்சிருக்கிற மூணு பேருக்கு ராஜ மரியாதை. மீதிப் பதினெட்டு பேர் பக்கத்துல இன்டர்நெட்ல சுட்ட ஏதோ ஒரு கேரளத் தென்னை நிக்கும். 'இது எங்க மரம் இல்லையே தாயி'ன்னு ஊர்ல கேட்டா என்ன பதில் சொல்றது?

டெம்ப்ளேட்டுக்கும் ஒரு புத்தி உண்டு. 'உன்கிட்ட போட்டோ இருக்கும்'னு அதுவே நினைச்சுக்குது. 'உன் தலைப்பு ரெண்டே வார்த்தைதான்'னு நினைச்சுக்குது. அது நினைக்கிறதெல்லாம் நமக்குப் பொருந்துதான்னு பார்க்காம உள்ளே போனா, நம்ம ஆளுங்களைத்தான் வெட்டி ஒட்ட வேண்டி வரும்.

இங்கிலீஷுக்குத் தைச்ச சட்டை

அடுத்த பஞ்சாயத்து எழுத்து. அந்த ரெடிமேட் டிசைன்ல முக்கால்வாசி இங்கிலீஷுக்குன்னு அளவெடுத்துத் தைச்சது. தலைப்பை எல்லாம் கேப்பிடல் லெட்டர்ல போட்டு, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு நிறுத்தியிருப்பாங்க. பார்க்க கம்பீரமா இருக்கும். தமிழ்ல கேப்பிடலுக்கு எங்க போறது? அதே இடைவெளியைத் தமிழுக்கு விட்டா, வார்த்தை கம்பீரமா நிக்காது. கஜாவுல சிக்கின மாதிரி சிதறிக் கிடக்கும்.

அப்புறம் நம்ம வார்த்தைகளோட நீளம்! இங்கிலீஷ்ல நாலஞ்சு குட்டி வார்த்தையில சொல்றதை நாம ஒரே மூச்சுல 'தென்னந்தோப்புக்காரர்களுக்கெல்லாம்'னு சொல்லிடுவோம். குறுகலான பத்தியில அதைப் போட்டா, அந்த ஒரு வார்த்தையே ஒரு வரியை முழுங்கிடும். ரெண்டு பக்கமும் சீரா நிறுத்துறேன் பேர்வழின்னு கம்ப்யூட்டர் மீதி வரிகள்ல வார்த்தைக்கு நடுவுல பள்ளம் பள்ளமா விட்டு வைக்கும். எங்க ஊரு மண்ரோடு தேவலை!

வரிகளுக்கு நடுவுல விடுற இடமும் முக்கியம். 'தீ'யைப் பாருங்க, தலைக்கு மேல சுழி. 'து'வைப் பாருங்க, கீழே ஒரு இழுப்பு. மேல் வரியோட 'து'வும் கீழ் வரியோட 'தீ'யும் முட்டிக்காம இருக்கணும்னா, இங்கிலீஷுக்கு விடுற இடம் நமக்குப் பத்தாது. இதையெல்லாம் எங்களுக்குப் பொறுமையா சொல்லிக் கொடுத்தது, டவுன்ல டி.டி.பி. சென்டர் வெச்சிருக்கிற அண்ணன். இருபது வருஷமா கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிறவரு. இன்னமும் பேஜ்மேக்கர்தான். 2001-ல் வந்த ஏழாவது வெர்ஷனோட அந்த சாஃப்ட்வேர் நின்னு போச்சு. ஆனா அவரு கம்ப்யூட்டர்ல அது ராஜா மாதிரி ஓடுது.

"தம்பி தங்கச்சிகளா, நீங்க மொபைல்ல அடிச்சிட்டு வர்றது யூனிகோடு. எங்கிட்ட இருக்கிறது பழைய ஃபான்ட். அப்படியே ஒட்டினா எழுத்து ஒழுங்கா வராது. முதல்ல எழுத்தை முடிவு பண்ணுங்க, பொறவு பெட்டியை முடிவு பண்ணலாம்"னாரு. நாலு வருஷம் என்ஜினீயரிங்ல சொல்லித் தராததை நாலே வரியில சொன்னாரு!

அவரு சொன்ன இன்னொண்ணு. டெம்ப்ளேட்ல 'லோரம் இப்சம்'னு ஒரு புரியாத லத்தீன் இருக்கும் பார்த்திருக்கீங்களா? அது சும்மா உளறல் இல்லை. ரோமாபுரி சிசரோ கி.மு. 45-ல் எழுதின ஒரு நூல்லேர்ந்து பிய்ச்சுப் போட்ட வரிகளாம். 1960-கள்ல லெட்ராசெட் ஒட்டுத்தாள்கள்ல வந்து, 1980-கள்ல பேஜ்மேக்கரோட கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சு இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கு. "யாரும் படிக்கப் போறதில்லை, அதனால அதை எங்க வெச்சாலும் அழகா இருக்கும். உங்க எழுத்தைப் போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் சங்கதி"ன்னாரு.

அன்னிக்கே ஒரு ரூல் போட்டோம்: எந்த டெம்ப்ளேட்டையும் அதோட சொந்த அலங்காரத்துல பார்த்து மயங்கக் கூடாது. எங்ககிட்ட இருக்கிறதுலேயே ரொம்ப அடங்காத ஒரு பக்கத்தை எடுத்து உள்ளே போட்டுப் பார்க்கணும். தாங்குச்சுன்னா ஓகே.

எங்ககிட்ட இருந்த அடங்காத பக்கம் யாரோடதுன்னு நினைக்கிறீங்க? எங்க அப்பத்தாவோடதுதான்!

அப்பத்தாவின் கண்ணாடி

அப்பத்தாவுக்கு எழுவது தாண்டியாச்சு. ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. படிக்கிறதுன்னா உயிர். அது படிச்சது பள்ளிக்கூடத்துல இல்லை. 1991-ல் எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்தப்போ, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்துல படிச்சது. கூடவே சைக்கிளும் கத்துக்கிச்சு. அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டறதை அறிவொளியோடயே சேர்த்து ஒரு இயக்கமா ஆக்கினாங்க. 1992 மகளிர் தினத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருவுல மணியடிச்சுக்கிட்டு சைக்கிள்ல வந்ததை, பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி இந்தியாவே படிச்சுது.

மூணு சைஸ்ல அச்சடிச்சு எடுத்துட்டுப் போய் அப்பத்தா கையில கொடுத்தேன். முதல் தாளைத் தூக்கிக் கண்ணுக்கிட்ட கொண்டு போச்சு. தள்ளிப் பிடிச்சுச்சு. வெளிச்சத்துல திருப்புச்சு. "ஏ ஆத்தா, இம்புட்டுப் பொடியா எழுதுனா எறும்பு ஊர்ற மாதிரியில்ல இருக்கு? எங்க கதையை எழுதிப்புட்டு, நாங்க படிக்கக் கூடாதுன்னு நெனச்சீகளாக்கும்?"

எழுத்தைப் பெருசாக்கினா பக்கம் கூடும். பக்கம் கூடினா காசு கூடும். எங்க மொத்த பட்ஜெட்டே, அஞ்சு பேரும் பாக்கெட் மணியைப் போட்டுச் சேர்த்த மூவாயிரம் ரூபாய். இந்தக் கணக்கு இன்னிக்கு நேத்திக்கு வந்ததில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி, தரங்கம்பாடியில சீகன்பால்கு அச்சகம் வெச்சப்போ ஜெர்மனியோட ஹாலே நகரத்துலேர்ந்து தமிழ் எழுத்து செஞ்சு அனுப்பினாங்க. எழுத்து ரொம்பப் பெருசு. பேப்பரோ தட்டுப்பாடு. அதனால பக்கத்துலயே பொறையாறுல சின்ன எழுத்தா வார்த்து, 1715-ல் தமிழ் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சாங்க. தமிழ் எழுத்தோட சைஸை முடிவு பண்றதுல பேப்பர் விலைக்கு அப்பவே ஒரு பங்கு இருந்திருக்கு!

அவங்க எழுத்தைக் குறைச்சாங்க. நாங்க எங்கே குறைக்கிறது? அட்டையில கலரைக் குறைச்சோம். வழவழ தாளைக் குறைச்சோம். பக்க ஓரத்துல ஓடின பூங்கொடி, மூலைக்கு மூலை தென்னங்கீத்து எல்லாத்தையும் தூக்கினோம். டிசைன் புலிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு பாவம். ஆனா அப்பத்தா படிக்கிற சைஸ்ல மட்டும் கை வைக்கலை. எழுத்து பதினாலு பாயின்ட். வரிகளுக்கு நடுவுல தாராளமா காத்து!

ஊரே ஒரு டெம்ப்ளேட்!

இதுக்கு நடுவுல குரூப்ல ஒரு கொள்கைச் சண்டை. "எதுக்கு டெம்ப்ளேட்? ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு மாதிரி நாமளே வரைவோம். ரெடிமேட்ல போட்டா அதுல நம்ம ஆத்மா இருக்காது"ன்னான் ஒருத்தன். கவிதை எழுதுறவன், அப்படித்தான் பேசுவான்.

எனக்கு அது ஒப்பலை. எங்க புதுக்கோட்டை டவுனையே எடுத்துக்கங்க. 1812-ல் ஒரு பெரிய தீ. அரண்மனையும் ஊரும் எரிஞ்சு போச்சு. அப்ப மன்னரா இருந்த விஜயரகுநாதத் தொண்டைமான், தஞ்சாவூர்ல இருந்த ஆங்கில ரெசிடென்ட் மேஜர் பிளாக்பர்னோட யோசனையோட ஊரைத் திரும்பக் கட்டினாரு. கோடு போட்ட நோட்டு மாதிரி நேர் நேர் தெரு, ஒண்ணை ஒண்ணு செங்கோணத்துல வெட்டுற தெரு. நடுவுல அரண்மனை, சுத்தி நாலு ராஜ வீதி, அதுக்கு வெளியில ரெண்டாம் வீதி, மூணாம் வீதி, நாலாம் வீதி. தெருவுக்குப் பேர் வைக்கிறதுல கூட டெம்ப்ளேட்தான்! 'மேல மூணாம் வீதி'ன்னு சொன்னா வெளியூர்க்காரன்கூட விரல் விட்டு எண்ணிட்டே வந்து சேர்ந்துடலாம். இருநூறு வருஷமா அந்தக் கட்டத்துக்குள்ளதான் கடை, கல்யாணம், ஊர்வலம், காதல் எல்லாம் நடக்குது. எந்த வீதியும் இன்னொரு வீதி மாதிரி இல்லையே!

குடுமியான்மலைக்குப் போயிருக்கீங்களா? ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒண்ணு பாறையில இருக்கு. இசைக் கல்வெட்டு. சுரங்களை நாலு நாலா பிரிச்சு, ஏழு பகுதியா, வரிசை பிசகாம வெட்டி வெச்சிருக்கான். எனக்கு அது எக்ஸெல் ஷீட் மாதிரி தெரிஞ்சுது. சங்கீதம் தெரிஞ்ச ஃப்ரெண்டு கிட்ட நின்னு வாய்க்குள்ளயே முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டா. கட்டம் போட்டதால பாட்டு செத்துப் போகலை. கட்டம் போட்டதாலதான் சுரம் குழம்பாம இவ்வளவு நூற்றாண்டு தாண்டி வந்திருக்கு.

அப்பத்தா சைக்கிளையும் சேர்த்துக்கங்க. அந்த நாள்ல லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைச்சதெல்லாம் குறுக்குக் கம்பி வெச்ச ஆம்பளை சைக்கிள். இவங்களுக்காகச் செஞ்சதே இல்லை அது. ஆனா நிறைய பெண்கள் அதையே விரும்பி எடுத்துக்கிட்டாங்களாம். ஏன் தெரியுமா? அந்தக் குறுக்குக் கம்பியில புள்ளையை உக்கார வைக்கலாம்! யாருக்கோ செஞ்ச டிசைனை, எந்த இடம் நமக்கு உதவும்னு பார்த்து எடுத்துக்கிறதுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த டிசைன் காலேஜ்லயும் கிடைக்காது பாஸ்.

நாலு பெட்டி

கடைசியா நாங்க எடுத்த டெம்ப்ளேட், ஒரு சமையல் குறிப்புப் புத்தகத்துக்கானது! சிரிக்காதீங்க. மேல ஒரு பேரு, பக்கத்துல சின்னச் சின்ன விவரம், கீழே ஒரே அகலப் பத்தி. போட்டோ இல்லாட்டியும் பக்கம் ஏழையா தெரியாது. 'தேவையான பொருட்கள்' இருந்த இடத்துல நாலு பெட்டி வெச்சோம். மரம் எது? யார் நட்டது? எதன் மேல விழுந்தது? அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?

சைஸ், ஏ4 தாளை நடுவுல மடிச்சா வர்றது. என்ஜினீயரிங் மண்டைக்கு இதுல ஒரு சந்தோஷம் உண்டு. ஏ4 தாளோட நீள அகல விகிதம் ரூட் டூ. பாதியா மடிச்சாலும் அதே விகிதம் மாறாது. வேற எந்த விகிதத்துலயும் இந்த வித்தை நடக்காது. 1786-லயே ஜெர்மன் அறிஞர் லிக்டன்பர்க் ஒரு கடிதத்துல இதை எழுதிட்டாரு. 1922-ல் ஜெர்மனியில அதைத் தரமாக்கினாங்க. அதனால ஜெராக்ஸ் கடையில ஒரு இஞ்ச் தாள்கூட வீணாகாது. ஒரு தாளை மடிச்சா நாலு பக்கம். அதனால மொத்தப் பக்கம் நாலால வகுபடணும். நடுவுல ரெண்டு பின். வேலை முடிஞ்சுது.

இருபத்தோரு பேரை எடுத்து ஒவ்வொருத்தரா உள்ளே உக்கார வெச்சோம். பத்தொன்பது பேர் ஜம்முனு உக்காந்துட்டாங்க. பெட்டி கேட்டதாலயே சில பேர் சொல்லாம விட்டது வெளியில வந்துச்சு. 'யார் நட்டது?'ன்னு மறுபடி போய்க் கேட்டப்போ ஒரு தாத்தா, "நட்டது எந்தங்கச்சி. அது செத்து முப்பது வருஷமாச்சு. இன்னிக்குத்தான் ஒருத்தர் கேக்குறீக"ன்னாரு. டெம்ப்ளேட் இல்லாம இருந்திருந்தா அந்தத் தங்கச்சி புத்தகத்துக்குள்ள வந்திருக்கவே மாட்டாங்க.

ரெண்டு பேர்தான் அடங்கலை. அந்த ரெண்டு பேரும் எங்க வீட்டு ஆளுங்க!

முதல்ல அப்பத்தா. மரம் எது? பலா. யார் நட்டது? தாத்தா. எதன் மேல விழுந்தது? மாட்டுக்கொட்டகை மேல. இதுவரைக்கும் ஓகே. அப்புறம் அந்த ராத்திரியைச் சொல்ல ஆரம்பிச்சுது பாருங்க... காத்து சத்தம் எப்படி மாறுச்சு, மாட்டை அவுத்துவிட்டது யாரு, இருட்டுல எந்தச் சாமியை எந்த வரிசையில கூப்பிட்டுச்சு, விடிஞ்சதும் முதல்ல காதுல விழுந்தது எந்த வீட்டு அழுகை... நாலு பக்கம்! 'ஒரு பக்கமா சுருக்கிடலாமே'ன்னு குரூப்ல பேச்சு வந்துச்சு. சுருக்கிப் பார்த்தோம். பலா, தாத்தா, கொட்டகை மட்டும் மிஞ்சுச்சு, ராத்திரி போயிடுச்சு. அதனால நடுவுல நாலு பக்கத்தை அப்பத்தாவுக்கு விட்டோம். பெட்டி கிடையாது, கோடு கிடையாது. வெறும் எழுத்து. மீதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதால, நடுப்பக்கம் திறந்தா அங்க காத்து அடிக்கிற மாதிரியே இருக்கு. இருபது பேருக்கு இருபது பக்கம், அப்பத்தாவுக்கு நாலு, தலைப்பு, முன்னுரை, வரைபடம், நன்றி. மொத்தம் இருபத்தெட்டு. நாலால வகுபடுது!

ரெண்டாவது ஆளு எங்க அப்பா. கஜாவுக்கு அடுத்த வருஷம், தோப்புக்கு வாங்கின கடனுக்காக சிங்கப்பூர் போனவரு. கட்டட வேலை. ராத்திரி டார்மிட்டரிக்கு வந்து சாப்பிட்டுட்டு வாய்ஸ் மெசேஜ் போடுவாரு. அவரோட கதையையும் அப்படித்தான் வாங்கினேன். மரம்: தென்னை, நாப்பது. நட்டது: அவரும் தாத்தாவும். விழுந்தது: ஒண்ணு மேல ஒண்ணு. நாலாவது கேள்விக்கு மட்டும் ரெண்டு நாளா பதிலே வரலை. மூணாவது நாள் ஒரு சின்ன மெசேஜ்: "அங்க இப்ப என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும் பாப்பா?"

இடையில ரெண்டு தடவை லீவுல வந்தாரு. கோயிலுக்குப் போனாரு, கல்யாணத்துக்குப் போனாரு. தோப்புப் பக்கம் மட்டும் ஒரு தடவைகூடப் போகலை. அது எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

'பெட்டியை எடுத்துடலாமா?'ன்னு கேட்டா டிசைன் புலி. ஒரு க்ளிக்ல எடுத்துடலாம். பக்கம் அழகாயிடும். எடுக்க வேணாம்னு அஞ்சு பேரும் சேர்ந்தே முடிவு பண்ணோம். எல்லார் பக்கத்துலயும் அந்தப் பெட்டிக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கு. கன்னு வெச்சிருக்கோம், கடை போட்டிருக்கோம், வெறும் தரைன்னு. அப்பா பக்கத்துல மட்டும் காலியா இருக்கிறதைப் பார்த்தா, படிக்கிறவங்களுக்கு நாங்க எதுவும் விளக்க வேண்டியதில்லை. டெம்ப்ளேட் ஒழுங்கா இருந்தாதான் அது எங்க காலியா இருக்குங்கிறது கண்ணுக்குத் தெரியும்.

உங்களுக்குச் சில கேள்விகள்

டிபார்ட்மென்ட் மேகஸினோ, என்.எஸ்.எஸ். மலரோ, ஊர்த் திருவிழா மலரோ, நீங்களும் ஏதாவது போடப் போறீங்களா? டெம்ப்ளேட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல இதை எழுதிக்கங்க. இதை யார் படிக்கப் போறாங்க, அவங்க கண்ணாடி என்ன பவர்? நம்மகிட்ட இருக்கிறது போட்டோவா, பேச்சா? நம்ம தமிழ் அதுல மூச்சு விடுதா? எது நிரம்பி வழியுது, அதுக்கு இடம் விட மனசு இருக்கா? எது காலியா நிக்குது, அதை மறைக்காம வைக்கத் தைரியம் இருக்கா? இந்த அஞ்சுக்கும் பதில் வந்துடுச்சுன்னா, கலரும் ஃபான்ட்டும் சாயங்காலம் டீ குடிக்கிறதுக்குள்ள முடிவாயிடும்.

நூறு பிரதி அடிச்சோம். ஊர் நூலகத்துக்கு ரெண்டு, ஸ்கூலுக்கு அஞ்சு, டீக்கடை பெஞ்சுல ஒண்ணு. பேசின இருபத்தோரு பேர் வீட்டுக்கும் ஆளுக்கொண்ணு. சிங்கப்பூர் கிளம்பின சித்தப்பா பையில ஒண்ணு வெச்சு அனுப்பினேன். அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் தோப்புக்குப் போய் எண்ணிப் பார்த்துட்டு, அப்பா பக்கத்துல அந்த நாலாவது பெட்டிக்குள்ள எழுதினேன்: 'கன்னு பதினேழு. மூணுல பாளை விட்டிருக்கு.'

பேனாவால எழுதலை, பென்சில்ல எழுதியிருக்கேன். அடுத்த லீவுல அவரு நேர்ல போய் எண்ணிப் பார்த்து மாத்திக்கட்டும்.